சாக்பீஸ் மச்சான் போட மறுத்த கோடு

என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு புத்தகத்துக்குள் அடங்காது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இரவல் சுத்தியலோடு ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் தொழிலை ஆரம்பித்தேன். இன்றைக்கு இந்தப் புறநகரில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் நான் செய்த சோபாவில்தான் குடும்பம் உட்கார்ந்து டிவி பார்க்கிறது. என்னிடம் வேலை பார்ப்பவர்களில் மூன்று பேர் பட்டதாரிகள். இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் இப்போது எழுதப்போவது என் மச்சானைப் பற்றி. என்னை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளைத்தான் இருபத்தேழு வருடம் பக்கத்திலேயே வைத்திருந்தும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஐம்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு, நல்ல உயரம், பேச்சு கம்மி. பட்டறையில் எல்லோருக்கும் அவன் 'சாக்பீஸ் அண்ணன்'. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைச் சாக்பீஸ் இருக்கும். அவன் மனைவி எவ்வளவு தோய்த்தாலும் அந்தப் பை மட்டும் வெளுத்தே கிடக்கும்.

அவன் வேலை உட்காருவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பட்டறையில் ஒரு சோபாவோ நாற்காலியோ முடிந்துவிட்டால் அது நேராக வண்டிக்குப் போகாது. மச்சான் வருவான். செருப்பைக் கழற்றுவான். உட்காருவான். முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பான். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். பிறகு எழுந்து குனிந்து, அடிச்சட்டத்தில் ஒரு கோடு இழுப்பான். கோடு விழுந்தால் சரக்கு போகும். விழாவிட்டால் போகாது. அப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்வான். "பெல்ட்டு" என்பான், அல்லது "கை" என்பான். அடியில் இழுத்துக் கட்டியிருக்கும் பெல்ட்டையோ கைப்பிடியையோ பிரித்துச் சரிசெய்து கொடுப்போம். மறுபடி உட்காருவான். கோடு விழும்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தான். கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துவிட்டது. "நாள் முழுக்க நிக்கிறான், அந்தக் கால் என்னத்துக்கு ஆகும்" என்று என் மனைவி அழுதாள். அடுத்த வாரமே அவனை இழுத்து வந்து உட்காரவைத்தேன். நின்று சம்பாதித்தவனை உட்கார்ந்து சம்பாதிக்க வைத்தது நான். இதை விருந்துகளில் நாலு பேர் இருக்கும்போது சொல்லிச் சிரிப்பேன். அவனும் சிரிப்பான். பிடித்துச் சிரித்தான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாகப் பட்டறையை என் மகள் நடத்துகிறாள். நாற்காலி மேசை வடிவமைப்பதைக் கல்லூரியில் படித்தவள். மூளை என்னுடையது, பிடிவாதம் அவள் அம்மாவுடையது. அவள் வந்ததும் கருத்துப் படிவம் என்று ஒன்று கொண்டுவந்தாள். நிறம் எப்படி, மென்மை எப்படி, வீட்டுக்குப் பொருந்துமா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. என் காலத்தில் சோபாவைப் பற்றி வாடிக்கையாளர் கருத்து சொன்னால் நான் அவருக்குக் கருத்து சொல்லி அனுப்பிவிடுவேன்.

அவள் முதன்முதலாகத் தானே வரைந்து செய்த நாற்காலி ஒரு முதியோர் பகல் இல்லத்துக்கானது. காலையில் பெரியவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் மாலையில் வந்து கூட்டிப்போவார்களே, அந்த மாதிரி இடம். நாற்பது நாற்காலி. தாழ்வானது, ஆழமானது, கை வைத்த இடமெல்லாம் பஞ்சு. உட்கார்ந்தால் மேகத்துக்குள் இறங்குவது மாதிரி இருக்கும். பக்கத்துக் கட்டிடத்துக் கம்ப்யூட்டர் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிவம் வாங்கினாள். பன்னிரண்டு பேரும் எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. ஒருவன் மட்டும் நிறத்துக்கு நாலு போட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை நாற்பதும் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். மச்சான் முதல் நாற்காலியில் உட்கார்ந்தான். டீ குடிக்கிற நேரம் போய், டீ போட்டுக் குடிக்கிற நேரமும் போயிற்று. எழுந்தான். சாக்பீசைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததில் உட்கார்ந்தான். இப்படி ஏழு நாற்காலி. ஒன்றிலும் கோடு இல்லை.

"என்ன மச்சான், பெல்ட்டா?" என்றேன்.

"இல்ல அத்தான்."

"பஞ்சா?"

"பஞ்சு நல்ல பஞ்சு."

"கையா?"

"கையும் பரவாயில்ல."

"பின்ன என்னதான்?"

"தெரியல. ஆனா இது போகக் கூடாது."

மகள் படிவக் கட்டோடு வந்தாள். "மாமா, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு."

"அப்ப அவங்களையே கோடு போடச் சொல்லும்மா."

ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. துணி தைக்கிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி மாமா. கோடு இல்லாமலே போகட்டும். அடுத்த மாசத்துல இருந்து கோடே கிடையாது, படிவம் மட்டும்தான். அப்பாகிட்ட எப்பவோ சொல்லியாச்சு."

சொன்னாள்தான். நானும் தலையாட்டினேன். மச்சானிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று ஐந்து வாரம் தள்ளிப்போட்டிருந்தேன்.

"அப்படியா அத்தான்?" என்று கேட்டான்.

நான் ஒரு நாற்காலியின் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை இது கோடில்லாம போச்சுன்னா, சனிக்கிழமை நான் வரல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்கே கிளம்பிவிட்டான்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் அவள் அறையில். என் மனைவி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"யார் பக்கம் பேசறதுன்னே தெரியல எனக்கு. ஒண்ணு வயித்துல பிறந்தது, ஒண்ணு கூடப் பிறந்தது."

"உன் தம்பிக்குப் பொறாமை. பாப்பா பேரு வாங்கறது பிடிக்கல."

"அவனுக்கா பொறாமை? நீங்க கார் வாங்கினப்ப முதல்ல துடைச்சுக் குடுத்தவன் அவன்."

"அப்ப ஏன் காரணம் சொல்ல மாட்டேங்கறான்?"

"போய்க் கேளுங்க. கேக்கணும், சொற்பொழிவு ஆத்தக் கூடாது. சனிக்கிழமை என் தம்பி பட்டறைக்கு வரலன்னா, ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுக்கும் வரமாட்டான். அது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

புதன்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டி பெட்டியாக ஒரே அச்சில் கட்டிய வீடுகள் இருக்கும் தெரு. எல்லா வாசலிலும் ஒரு ஸ்கூட்டர், ஒரு துணி உலர்த்தும் கம்பி, செருப்பு அடுக்கு. வாசல்வரை நூறு தடவை வந்திருக்கிறேன், காரில் இருந்தபடி ஹாரன் அடித்துக் கூப்பிடுவதோடு சரி. உள்ளே போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

கூடத்தில் சோபா இல்லை.

நேரான முதுகு வைத்த நாலு மரநாற்காலிகள் இருந்தன. ஒரு ஜன்னல். ஒரு ஃப்ரிட்ஜ். மச்சான் அந்த ஃப்ரிட்ஜின் மேல் செய்தித்தாளை விரித்து வைத்து நின்றுகொண்டு படித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே டீ டம்ளர். ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது.

தங்கச்சி, அதாவது மச்சான் மனைவி, உள்ளேயிருந்து வந்தாள். "வாங்கண்ணா. உட்காருங்க. உங்களுக்கு இந்த நாற்காலி எல்லாம் உறுத்தும். என்ன பண்றது, சோபா கம்பெனிக்காரர் வீட்டுல இதுதான் இருக்கு."

"நான் குடுத்த சோபா எங்கம்மா? மூணு குடுத்தேனே."

"ஒண்ணு டெய்லர் கடையில இருக்கு. ஒண்ணு எங்க அக்கா வீட்டுல. மூணாவதை எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியாருக்குத் தூக்கிக் குடுத்துட்டார். எனக்குச் சோபான்னா உசிரு அண்ணா. மத்தியானம் காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்க்கணும்னு ஆசை. இவர் கேட்டாத்தானே. வேலை விட்டு வந்தா இப்படித்தான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். வீட்டுக்குள்ள பஸ் ஓடுதுன்னு நினைப்பு."

மச்சான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினான்.

"சாப்பாடும் நின்னுக்கிட்டுத்தான். டிக்கெட்டு குடுக்காததுதான் பாக்கி" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கத்திரிப்பூ கலர் சோபா போனதுக்கு மட்டும் நான் வருத்தப்படல" என்றாள்.

கத்திரிப்பூ நிறம் நானே தேர்ந்தெடுத்தது. அந்த வருடம் அதுதான் அதிகம் விற்றது. இதை அவளிடம் சொன்னேன். "வித்திருக்கும் அண்ணா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

எனக்குத் தலை சுற்றியது. ஆயிரக்கணக்கான சோபாவுக்குக் கோடு போட்டவன் வீட்டில் ஒரு சோபா இல்லை. சமையல்காரன் வெளியே சாப்பிட்டால்கூட ஏதோ காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

"மச்சான், உனக்கு நம்ம சோபா பிடிக்காதா?"

"சோபாவே பிடிக்காது அத்தான்."

"இருபத்தேழு வருஷமா சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. சரக்கு சரியா இருக்கான்னுதான் கேட்டீங்க. சரியா இருந்துச்சு."

"கண்டக்டர் வேலை பிடிச்சிருந்துதா?"

கொஞ்சம் யோசித்தான். "நல்லா இருந்துச்சு."

"காலு அப்படி வீங்கிக் கிடந்தியே."

"காலு வலிச்சுது. வேலை நல்லா இருந்துச்சு."

நான் ஒரு மரநாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவனே பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "பஸ்ல பின் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சீட்டு உண்டு அத்தான். ஸ்பிரிங் போய்ப் பள்ளமா, மெத்துன்னு இருக்கும். வயசானவங்க தேடிப் போய் அதுலதான் உட்காருவாங்க. அவங்க ஸ்டாப் வரும். எழுந்திரிக்க முடியாது. நான் கை குடுப்பேன். சில பேரு வாங்கிக்குவாங்க. சில பேரு வெட்கப்பட்டுக்கிட்டு, 'நான் அடுத்த ஸ்டாப்புப்பா'ன்னு சொல்லிடுவாங்க. அடுத்த ஸ்டாப்புல எப்படியோ இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பாங்க. பின் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே போவேன்."

"சரி, அதுக்கும் பாப்பா செஞ்ச நாற்காலிக்கும் என்ன?"

"அந்தச் சீட்டுதான் இது."

"இதைச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாமே."

"அப்ப எனக்கே தெரியல. ஏதோ சரியில்லன்னு மட்டும் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து நின்னப்புறம்தான் பிடிபட்டுச்சு. அதுவும் இல்லாம பாப்பா ஆசை ஆசையா செஞ்சது. அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

"அப்ப இத்தனை வருஷமா நீ மெத்துன்னு இருக்கான்னு பார்த்துக் கோடு போடலியா?"

"எழுந்திரிக்க வருதான்னு பார்த்தேன்."

எங்கள் பட்டறைப் பலகையில் பெரிய எழுத்தில் 'உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது' என்று இருக்கிறது. நான் சொந்தமாக யோசித்து எழுதியது. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் நேர் எதிராகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஜனங்கள் என் சோபாவை வாங்கியது என் பலகைக்காகவா, அவன் கோட்டுக்காகவா? வீடு வந்து சேரும்வரை யோசித்தும் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. என் மனைவி கேட்டதற்கு, "பேசினேன், ஒண்ணும் புரியல" என்றேன். "புரியலன்னு சொல்ற அளவுக்காவது கேட்டீங்களே" என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நாற்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான் உட்கார்ந்தேன். தொழிலைக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்னொருவன் சொல்லி நான் நம்ப வேண்டியதில்லை. எனக்கு எழுபத்தொரு வயது. ஆனால் பார்ப்பவர்கள் அறுபது என்பார்கள். இன்றைக்கும் படியேறும்போது கம்பியைப் பிடிப்பதில்லை.

நாற்காலி அருமையாக இருந்தது. என் வாழ்நாளில் இப்படி ஒன்றில் உட்கார்ந்ததில்லை. மச்சானுக்குப் பைத்தியம் என்று முடிவு செய்து எழுந்தேன். எழவில்லை. முட்டி மார்புக்கு நேராக இருந்தது. கையை ஊன்றினேன். பஞ்சு கையை விழுங்கிக்கொண்டது. இடதுபக்கம் சாய்ந்து பார்த்தேன். முன்னால் நகர்ந்து பார்த்தேன், பின்னாலேயே இழுத்தது. மூன்றாவது தடவை வியர்த்துவிட்டது.

வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"அப்பா, கை குடுக்கட்டுமா?"

"வேண்டாம். யோசிச்சிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நேரம் யோசிப்பீங்க?"

"இன்னும் கொஞ்சம் ஆகும்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவளுக்கு அது தரையிலிருந்து ஒரு ரப்பர் பந்து எழுவது மாதிரி. என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். படிவம் போட்ட பன்னிரண்டு பேரின் வயது என்ன என்று அவள் தனக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. நாற்காலி கோளாறா, எனக்கு வயதாகிவிட்டதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே எனக்கு ஆகவில்லை.

கடைசியில் கையை நீட்டினேன். அவள் இழுத்தாள். எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "தாழ்வா இருக்கு" என்றேன். "நாற்காலி."

"ஆமாப்பா, நாற்காலிதான்" என்றாள். சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு இன்னொரு பட்டறை எழுதிவைக்கலாம்.

பகல் இல்லத்துக்கு அவளே போன் செய்தாள். "தப்பு எங்களோடது, பத்து நாள் குடுங்க" என்று கேட்டாள். என் காலத்தில் நான் இப்படிக் கேட்டதே இல்லை. துணி வரவில்லை, லாரி பழுது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இல்லத்தை நடத்தும் அம்மாள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டாள். மகள் வெள்ளிக்கிழமை காலை மாமா வீட்டுக்குத் தானே போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தார்கள், இருவரும் நின்றுகொண்டே. அவள் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டாள்.

ஒன்பது நாள் நாற்பதையும் பிரித்தோம். நாற்காலிக் கால்களை மூன்று அங்குலம் உயர்த்தினோம். ஆழத்தைக் குறைத்தோம். மேலே மெத்தை, அடியில் கெட்டிப் பஞ்சு. கைப்பிடியில் பஞ்சை எடுத்துவிட்டு, பிடித்து ஊன்ற வசதியாக முன்னால் மரத்தை நீட்டிவிட்டோம். மேகம் போய்விட்டது. மச்சான் உட்கார்ந்தான், எழுந்தான், குனிந்தான், கோடு இழுத்தான். நாற்பது கோடு.

"இப்ப பிடிச்சிருக்கா மச்சான்?"

"இல்ல அத்தான். ஆனா நல்லா இருக்கு."

சரக்கு ஏற்றி முடித்ததும் அவனைத் தனியே கூப்பிட்டேன். கோடு இருக்கும், படிவமும் இருக்கும், இனிமேல் வயதானவர்களையும் கூப்பிட்டுப் படிவம் வாங்குவதாக மகள் சொல்லிவிட்டாள், உன் இடம் உனக்கே என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன். காலால் தரையைத் தேய்த்தான்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க அத்தான். நான் டெலிவரி வண்டியில போகட்டுமா? வீடு வீடா இறக்கி வெச்சு, எங்க போடறதுன்னு கேட்டு..."

"கால்?"

"வலிக்கும்."

"அப்ப உட்கார்றது யாரு?"

சட்டைப் பையிலிருந்து சாக்பீசை எடுத்து என் கையில் வைத்தான். பதில் அவ்வளவுதான். வண்டி கிளம்பும்போது டிரைவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இவன் பின்னால் நாற்காலிகளுக்கு நடுவில், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு நாற்காலி இருந்தும் ஒன்றிலும் உட்காரவில்லை. அவன் முகம் எப்படி இருந்தது என்று என் மனைவி கேட்டாள். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டராக பஸ்ஸில் நின்றபோது அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை என் முன்னால் மூன்று சோபா வந்து நின்றன. செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஸ்டேப்ளர் அடிக்கிறவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். மூன்றும் எனக்குப் பிடித்திருந்தது. என் பட்டறையில் செய்தது எது எனக்குப் பிடிக்காமல் போகும்? கோடு போடலாமா, கூடாதா என்று ஒரு மணி நேரம் ஆகியும் தெரியவில்லை. மச்சானுக்குப் போன் செய்தேன். பின்னால் தெருச் சத்தம் கேட்டது.

"மச்சான், இந்தப் பச்சை சோபா..."

"எழுந்திரிச்சீங்களா அத்தான்?"

"எழுந்திரிச்சேனே."

"கையை ஊன்றினீங்களா, ஊன்றாமலா?"

"கவனிக்கல."

"அப்ப மறுபடி உட்காருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் மறுபடி உட்கார்ந்தேன்.